நாமம் போட்ட முகமூடி

"எம் புள்ள மாஸ்க்கை வேற எவனும் தொடக்கூடாது, டீச்சரம்மா! அடையாளத்துக்கு நாமமே போட்டு எடுத்துக்கினு வந்திருக்கேன்."

கோவர்த்தனன் மேசைமீது வைத்த புதிய வெல்டிங் முகமூடியின் நெற்றியில், வெள்ளையும் சிவப்புமாகத் திருநாமம் பளிச்சிட்டது. அருகில் அவருடைய மகன் சுனில் தலைகுனிந்து நின்றான்.

சத்தியவேடு தொழிற்பயிற்சிக் கூடத்தின் பயிற்றுநர் சிவசங்கரி நிமிர்ந்தாள். "இங்க மாஸ்க் எல்லாருக்கும் பொதுங்க."

"காலனிப் பசங்க மூஞ்சியில வெச்சத எம் புள்ள வெச்சிக்கினா, எங்க தெருவுல நான் நடமாட முடியுமா? வேற எவனாவது தொட்டான்னு தெரிஞ்சுது, அன்னிக்கே இவன இட்டுக்கினு போயிடுவேன்!"

தடாவில் புதிதாக எழுந்த தொழிற்சாலையிலிருந்து, அடுத்த வாரம் இங்கேயே தேர்வு வைத்து ஆளெடுக்க வருகிறார்கள். சுனிலின் கை நடுங்காத கை, வேலை உறுதி. அவனை இழக்க மனமில்லாமல், சிவசங்கரி பல்லைக் கடித்துக்கொண்டு அந்த முகமூடியைத் தனி ஆணியில் மாட்டினாள். இரும்பை இரும்போடு இணைக்கக் கற்பிக்கும் கூடத்தில், மனிதனை மனிதனிடமிருந்து பிரிக்க ஓர் ஆணி!

ஒரு வாரப் புகையில் அதுவும் மற்றவற்றைப் போலவே கறுத்தது. நாமம் ஒன்றுதான் வேறுபாடு.

தேர்வு நாள் காலை, சுனில் முன்னதாகவே கிளம்பிவிட்டான். பின்னால் வந்த கோவர்த்தனன் சுவரைப் பார்த்துத் திகைத்தார். தனி ஆணி காலி. வரிசையாகத் தொங்கிய அத்தனை முகமூடிகளின் நெற்றியிலும் நாமம்!

"எவன்டா செஞ்சது? எம் புள்ளயோடது எது?"

காலனியிலிருந்து பயிற்சிக்கு வரும் சிரஞ்சீவி சிரிப்பை அடக்கிக்கொண்டான். "நீங்களே பாத்து எடுத்துக்கோங்க, ஐயா."

"டீச்சரம்மா, எல்லாத்தையும் அழிக்கச் சொல்லுங்க!"

"ஏழுமலையான் நாமங்க. நீங்களே அழிச்சிடுங்க." சிவசங்கரி துணியை நீட்டினாள்.

கோவர்த்தனனின் கை நீளவில்லை, குரல்தான் உயர்ந்தது. "செஞ்சவன் யாருன்னு இப்பத் தெரிஞ்சாகணும்! இல்லன்னா எம் புள்ள பரீட்சைக்கே நிக்கமாட்டான்!"

வெளியே கம்பெனிக் கார் வந்து நின்றது.

சுனில் முன்னே வந்தான். கைக்கு எட்டிய முதல் முகமூடியை எடுத்தான்.

"நேரமாச்சு, நைனா" என்றபடி அதை அணிந்துகொண்டான். அவன் விரல்களில் வெள்ளையும் சிவப்பும் இன்னும் காயவில்லை.