பெயர் கேட்கும் கட்டம்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலோடு சாப்பாட்டு மேசையில் விழுந்து கிடக்கிறது. மகள் லேப்டாப்பில் வீட்டுப் படங்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறாள். எதிரே அம்மா பூண்டு உரிக்கிறாள். தேதியை நம்பி அடுக்க வழியில்லை. சிக்கனப் புலியான அப்பா படம் எடுத்த கையோடு கேமராவின் பேட்டரியைக் கழற்றி வைத்துவிடுவார். கேமராவின் கடிகாரம் ஒவ்வொரு முறையும் ஜனவரி ஒன்றாம் தேதிக்கே திரும்பி ஓடிவிடும். கம்ப்யூட்டர் கணக்கில் இந்த வீட்டுக்குக் குடிவந்தது, பிள்ளை பிறந்தது, பள்ளியில் சேர்ந்தது எல்லாம் ஒரே நாளில் அடித்துப்பிடித்து நடந்திருக்கின்றன. அதனால் முகத்தை வைத்துப் பிரிக்கக் கம்ப்யூட்டரையே விட்டிருக்கிறாள். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழந்தைகள். ‘இருவரும் ஒருவரா?’ என்று கேட்கிறது. அதில் ஒன்று மஞ்சள் துண்டில் சுற்றிய குழந்தை, அவள் தன் பிறந்தநாள்தோறும் தோழிகளுக்கு அனுப்புகிற படம். “இதுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சாம்மா? என்னையே யாருன்னு என்கிட்ட கேக்குது” என்று திரையைத் திருப்புகிறாள். அம்மாவின் கட்டைவிரல் பூண்டிலேயே நிற்கிறது. “மஞ்சத் துண்டுல இருக்கறது நீ இல்ல. உனக்கு மூத்தவ ஒருத்தி இருந்தான்னு சொல்லியிருக்கேன்ல, அவ.” பூண்டுத் தோல் ஒன்று ஃபேன் காற்றில் பறந்து கீபோர்டில் வந்து உட்காருகிறது. மகள் ‘வேறு ஆள்’ என்பதை அழுத்துகிறாள். உடனே வெற்றுக் கட்டம் ஒன்று திறந்து பெயர் கேட்கிறது. “என்ன பேரும்மா வச்சீங்க?” “பேரு வைக்கற வரைக்கும் எங்க இருந்தா?” அம்மா அடுத்த பல்லை எடுக்கிறாள். மகள் தோலை ஊதித் தள்ளிவிட்டு ‘அக்கா’ என்று அடிக்கிறாள். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் தேடுகிறது. பிறகு மகளின் படங்களிலிருந்து இன்னும் நாலைந்தை எடுத்து அக்காவிடம் கொடுக்கிறது.