டில்மனுக்குக் கோபம் வந்த நாள்

“டில்மன் தன்னோட உச்சத்துல இருந்தப்ப ஆடின ஆட்டத்தை இன்னொருத்தன் ஆடவே முடியாது, பாய்!” என்றான் ஜெயபாலன்.

“நீங்க பாத்தீங்களா?” என்று கேட்டார் தாவூத்.

“பேப்பர்ல படிச்சேன்.”

“நான் போன வாரம் கோலாலம்பூர்ல கண்ணால பாத்தேன். லூயி கார்வர்! காத்துல நின்னு பந்து போடுறான். உங்க டில்மனெல்லாம் பழைய கதை, தம்பி.”

முன் பெஞ்சில் முதலுதவிப் பெட்டியோடு உட்கார்ந்திருந்த சிவகாமி திரும்பிப் பார்த்தாள். ஒருவர் புருஷன், இன்னொருவர் பக்கத்து வீட்டு ஜவுளிக்கடைக்காரர். ஒரு வாரமாக இதே சண்டை.

“தாவூத் அண்ணே, ரெண்டு பேரும் இப்ப ஆடத்தானே போறாங்க? பாத்துட்டுப் பேசுங்களேன்” என்றாள்.

மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த கொண்டாட்டம் இன்னும் ஓயவில்லை. அமெரிக்காவிலிருந்து தொழில்முறைக் கூடைப்பந்துக் குழு ஒன்று மலாயாவுக்கு வந்து, டில்மன் ஓர் அணியிலும் இளைஞன் கார்வர் எதிரணியிலுமாகப் பிரிந்து ஊர் ஊராக ஆடிக்கொண்டிருந்தது. அன்று மாலை காஜா பேராங் திடலில் உட்கார இடமில்லை. வேலி மேலும் மரத்து மேலும் ஆட்கள். ஆஸ்பத்திரி நர்ஸான சிவகாமிக்கு அங்கே முதலுதவி வேலை.

விசில் ஊதியது.

டில்மன் ஓடவில்லை, நடந்தார். வந்த பந்தை உடனே இன்னொருவரிடம் தள்ளிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். நரைத்த தலை, எங்கோ பார்க்கிற கண்கள்.

“இவரா உலகத்துலேயே பெரிய ஆட்டக்காரரு?” என்று தாவூத் சிரித்தார். ஜெயபாலன் தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் கார்வர் ஆரம்பித்தான்.

“என்ன தாத்தா, தூக்கம் வருதா?” என்று ஆங்கிலத்தில் திடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினான். பந்தை டில்மனின் முகத்துக்கு நேராக நீட்டிவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அவர் நடக்கிற மாதிரியே கூன் போட்டு நடந்து காட்டினான். “வீட்டுக்குப் போய்ப் பேரப்பிள்ளைக்குப் பந்து உருட்டு, போ!”

ஜனங்களுக்கு ஆங்கிலம் புரிந்ததோ இல்லையோ, கூன் நடை புரிந்தது.

“கூராங் ஆஜார்!” என்று யாரோ மலாயில் திட்டினார்கள். ரம்புத்தான் பழத்தோல் ஒன்று பறந்து வந்து கார்வரின் முதுகில் விழுந்தது. அவன் அதை எடுத்து டில்மனின் காலடியில் போட்டான். “இது உனக்குத்தான் வந்துச்சு, தாத்தா!”

“சே! என்ன பிள்ளை இவன்!” என்று சிவகாமியே வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

டில்மன் குனிந்து அந்தத் தோலைப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார்.

அடுத்த பந்து அவர் கைக்கு வந்தது. கார்வர் மறித்தான். டில்மன் இடது பக்கம் சாய்ந்தார், கார்வரும் சாய்ந்தான். வலது பக்கமாக அவனைத் தாண்டி அவர் எப்போது போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. பந்து வளையத்தைத் தொடாமல் வலைக்குள் இறங்கியது.

திடலில் எழுந்த சத்தத்தில் சிவகாமியின் பெட்டிக்குள் சீசாக்கள் கிணுகிணுத்தன.

அதற்கப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. பார்க்காமலே பந்தை முதுகுக்குப் பின்னால் கொடுத்தார். அது போய்ச் சேர வேண்டிய கையில் சேர்ந்தது. பாதித் திடலிலிருந்து வீசினார், விழுந்தது. கார்வர் உயிரைக் கொடுத்துத்தான் தடுத்தான். எகிறினான், விழுந்தான், முழங்கை கிழிய எழுந்தான். ஒன்றும் பலிக்கவில்லை.

சிவகாமிக்குக் கையெல்லாம் புல்லரித்தது. ஒரு மனுஷ உடம்பு இப்படியும் செய்யுமா? திரும்பினால், தாவூத் பெஞ்சின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

“தம்பி ஜெயபாலா, நீங்க சொன்னதுதான் சரி. உச்சம்னா இதுதான். நான் தலையில தூக்கி வெச்சு ஆடினேனே அந்தக் கார்வர், அவன் மனுஷனே இல்ல!”

ஆட்டம் முடிந்ததும் கூட்டம் டில்மனைத் தோளில் தூக்கிக்கொண்டது. தாவூதும் ஜெயபாலனும் அதற்குள் புகுந்துவிட்டார்கள். கார்வர் பக்கம் ஒருவரும் போகவில்லை. அவனாகவே சிவகாமியிடம் வந்து முழங்கையை நீட்டினான்.

டிங்சரைக் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள். அவன் முகம் சுளிக்கவில்லை. அவன் பார்வை முழுக்கத் தோள்களின் மேல் போய்க்கொண்டிருந்த டில்மன் மேலேயே இருந்தது.

“வயசுல மூத்தவரை இப்படியா பேசுறது? வெட்கமா இல்ல உனக்கு?” என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

“பாத்தீங்களா சிஸ்டர், அவர் ஆடினதை?” என்றான் அவன். “சின்ன வயசுல அவர் ஆட்டத்தை ரேடியோவுல கேட்டுத்தான் நான் பந்தையே தொட்டேன். போன வருஷம் அவர் மனைவி இறந்துட்டாங்க. அதுலேர்ந்து அவருக்கு எதுவுமே பிடிக்கல. இந்தப் பயணத்துலேயும் ஆட்டத்துல ஓடாம நடந்துக்கிட்டே இருந்தார். இனி இவர் வேணாம், ஊருக்கு அனுப்பிடலாம்னு மேனேஜர் நேத்து சொல்லிட்டார்.”

சிவகாமியின் கை நின்றது.

“அதனால…?”

கார்வர் முதுகில் ஒட்டியிருந்த ரம்புத்தான் சாற்றைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க, சிஸ்டர். நாளைக்குச் சிங்கப்பூர்லயும் அவருக்கு என் மேல கோபம் வரணும்.”