கரையில் ஒரு துணை

"கடலுக்குள்ள இறங்க நான் வரல. எனக்குப் பயமா இருக்கு" என்றார் சின்ன மாப்பிள்ளை.

மாமனார் வீட்டுக் கூடத்தில் இருந்த எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

தீவுக்குப் போகலாம், ஸ்கூபா டைவிங் பண்ணலாம் என்று யோசனையைக் கிளப்பிவிட்டவரே அவர்தான். பள்ளிக்கூடத்தில் உயிரியல் வாத்தியார். கரும்பலகையில் பவளப்பாறை வரைந்து வரைந்தே சாக்பீஸைத் தீர்த்தவர். சாவதற்குள் ஒருமுறையாவது நிஜத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று வருஷக்கணக்காகப் புலம்பியவர்.

டிக்கெட் போட்டாகிவிட்டது. ஹோட்டலில் அறை சொல்லியாகிவிட்டது. இப்போது வந்து பயமாம்!

"வெளையாடாதீங்க சகலை" என்றார் பெரிய மாப்பிள்ளை.

குரல் ஒரு மாதிரியாக வந்தது. மூக்கையும் சேர்த்து மூடுகிற டைவிங் கண்ணாடியை அவர் இன்னும் கழற்றவில்லை. காலில் வாத்துக்கால் மாதிரி ரப்பர் துடுப்பு வேறு. காலையிலிருந்து அதோடு கூடத்தில் சளப் சளப்பென்று நடந்து, சுறா எதிரே வந்தால் எப்படிச் சமாளிப்பது என்று மாமியாருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். மாமியார் தீவுக்கே வரவில்லை என்பது வேறு விஷயம்.

"சுறாவை நெனச்சா பயம்? வாத்தியார்னு தெரிஞ்சா, பரீட்சை வெச்சிடுவீங்கன்னு அதுவே ஓடிடும்!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"பெரிய மாப்பிள்ளையைப் பாருங்க. அவரும் மனுஷன்தானே? எப்படி ரெடியா நிக்கறார்!"

தங்கைக்காரிக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னங்க இது? ஆபீஸ் முழுக்கச் சொல்லி வெச்சிருக்கேன். உங்க ஸ்கூல் பிள்ளைங்ககிட்டகூட நீங்களே சொன்னீங்களே?"

"சொன்னேன். இப்ப பயமா இருக்கு."

சிக்கல் அதோடு முடியவில்லை. கடலுக்கடியில் யாரும் தனியாகப் போகக் கூடாதாம். ரெண்டு ரெண்டு பேராக, ஒருத்தர் மேல் ஒருத்தர் கண் வைத்துக்கொண்டுதான் இறங்க வேண்டுமாம். அக்காவும் தங்கையும் ஒரு ஜோடி, சகலைகள் ரெண்டு பேரும் ஒரு ஜோடி என்று மாமனார் ஏற்கெனவே பிரித்துக் கொடுத்திருந்தார்.

"அப்ப எங்க வீட்டுக்காரர் கதி?" அக்கா பதறினாள். "இவரால அவரும் போக முடியாதா? பாவம், ஆசை ஆசையா எல்லாம் வாங்கி வெச்சிருக்கார்!"

"சொல்லிக்குடுக்கற மாஸ்டர் இருப்பாரே, அத்தான் அவரோட இறங்கட்டும்" என்றாள் தங்கை, புருஷன் செய்த பாவத்துக்குப் பரிகாரம் தேடுகிறவளாக.

பெரிய மாப்பிள்ளை சட்டென்று கண்ணாடியைக் கழற்றினார்.

"அதெப்படிம்மா? கூட வந்த மனுஷனைக் கரையில ஒத்தையா உட்கார வெச்சிட்டு, நான் மட்டும் போய் மீன் பார்த்துட்டு வர்றதா? அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேண்டவே வேண்டாம். நானும் சகலையோட கரையிலேயே இருக்கேன். நீங்க அக்கா, தங்கை ரெண்டு பேரும் ஜாலியா போயிட்டு வாங்க."

அக்கா பெருமையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாமனார் எழுந்து வந்து பெரிய மாப்பிள்ளையின் தோளைத் தட்டினார்.

"பெத்த பிள்ளைகூட இப்படி இருக்க மாட்டான். தங்கமான மனசு!"

தியாகிக்கு ரெண்டாவது காபி வந்தது. பயந்தாங்கொள்ளிக்கு முதல் காபியே வரவில்லை.

"இத்தனை பேர் எதிர்ல என் மானத்தை வாங்கிட்டீங்க" என்றாள் தங்கை புருஷனிடம். "இனிமே பவளப்பாறை, கிவளப்பாறைன்னு என்கிட்ட வந்துடாதீங்க."

அறைக்குள் போய்க் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டாள்.

சின்ன மாப்பிள்ளை எழுந்து பால்கனிக்குப் போனார். சிரித்ததையெல்லாம் தாங்கிக்கொண்டவருக்கு அந்தக் கதவுச் சத்தம்தான் வலித்தது.

"பாவம், நொந்து போயிருக்கார். நான் போய் நாலு வார்த்தை தைரியம் சொல்லிட்டு வர்றேன்" என்று துடுப்புகளைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பெரிய மாப்பிள்ளை பின்னாலேயே போனார்.

பால்கனிக் கதவை இழுத்து மூடினார். உள்ளே யாரும் கவனிக்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அப்புறம் சின்னவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தெய்வம் சகலை நீங்க! நேத்து நாம ரெண்டு பேர் மட்டும் போன நீச்சல்குள டிரெய்னிங்ல, இடுப்பளவு தண்ணிக்கே உங்க கழுத்தைக் கட்டிக்கிட்டு நான் அலறினது வெளியில வந்திருந்தா இந்த வீட்டுல எனக்கு என்ன மரியாதை? நான் கேட்ட உடனே பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிட்டீங்களே!"

"விடுங்கண்ணா. நான் வர்றேன்னு சொல்லியிருந்தா மாமா உங்களையும் இழுத்து விட்டிருப்பார். நீங்களும் வீம்புக்கு இறங்கியிருப்பீங்க. உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா அக்கா என்ன பண்ணுவாங்க?" என்றார் சின்னவர். "மீன் எங்கேயும் ஓடிப் போயிடாது. அப்புறமா பார்த்துக்கறேன்."

சொல்லிவிட்டு முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

பெரிய மாப்பிள்ளைக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போனார்.

"என்ன சொல்றார் மாப்பிள்ளை? ஏதாவது தேறுவாரா?" என்று கேட்டார் மாமனார்.

"எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்துட்டேன் மாமா. ம்ஹூம்... தைரியம்ங்கறது பிறவியிலேயே வரணும்!"