கீழ்வீட்டுக்கு ஒரு டீ

ஐப்பசி பிறந்தால் போதும், தமயந்தியின் சமையலறைச் சுவர் வாயைத் திறந்துவிடும். வெள்ளம் வந்தால் வீட்டிலிருக்கும் அரிசி, பருப்பு, பால் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று ஓயாமல் கணக்குச் சொல்லி உயிரை வாங்கும். அரசாங்கம் சுவரில் பதித்துவிட்டுப் போன அந்தப் பேசும் கருவியை அணைத்து வைக்கவும் வழியில்லை. அணைத்தால் மீட்புப் படகில் அந்த வீட்டுக்கு இடம் கிடையாது.

கீழ்வீட்டு பல்கீஸ் ஒருநாள் பேசிக்கொண்டிருக்க மேலே வந்தாள். தமயந்தி டீ போட்டு டம்ளரை நீட்டுவதற்குள் சுவர் ஆரம்பித்துவிட்டது.

"வெளியாளுக்குப் பால் செலவாகிறது. வெள்ளம் வந்தால் கடைசி நாள் உங்கள் மகனுக்குப் பால் இருக்காது."

"சனியனே, சும்மா கெட!" கரண்டியால் சுவரில் ஓங்கி அடித்தாள் தமயந்தி. "அது கெடக்கு, நீ குடி பல்கீஸ்."

"இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்க்கா" என்று பல்கீஸ் எழுந்துகொண்டாள். அப்புறம் மாடிப் பக்கமே தலைகாட்டவில்லை. தமயந்திக்கு மானமே போய்விட்டது.

அடுத்த வாரம் ஆற்றங்கரை உடைத்துக்கொண்டது. கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர். "மேல வாடி!" என்று தமயந்தி தொண்டை கிழியக் கத்தியும் யாரும் வரக் காணோம். இழுத்துக்கொண்டாவது வரலாம் என்று ஆத்திரத்தோடு கதவைத் திறந்தாள்.

வாசலில் பல்கீஸ் சொட்டச் சொட்ட நனைந்து நின்றாள். தலையில் அரிசி மூட்டை, இடுப்பில் மகள். அந்தக் குழந்தையின் கையில் ஒரு பால்பவுடர் டப்பா.

"எங்க சாப்பாட்ட நாங்களே கொண்டாந்துட்டோம்" என்றாள், தமயந்தியைப் பார்க்காமல், சமையலறைச் சுவரைப் பார்த்து. "நிக்க மட்டும் எடம் குடுங்க."