பதினொன்றாவது துணி

மலாவியின் அந்த மாவட்ட ஆஸ்பத்திரியில், வயிற்றைத் தைத்து மூடும் முன் ரத்தம் ஒற்றிய துணிகளை எண்ணியாக வேண்டும். இந்த ஆபரேஷனுக்குக் கட்டுப் பிரித்து எடுத்தது பத்து. நர்ஸ் தவோங்கா மூன்று தடவை எண்ணினாள். பதினொன்று இருந்தது. இங்கே ஆபரேஷன் செய்துகொண்ட ஏனாலாவைப் புதைத்த நாளிலிருந்து எல்லா ஆபரேஷனிலும் இதே கதைதான்.

"கூடத்தானே இருக்கு, சிஸ்டர்? குறைஞ்சாதான் பயப்படணும். பத்துன்னு எழுதுங்க," என்றார் டாக்டர் ம்சிஸ்கா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஏனாலாவுக்குக் குறைஞ்சுதே, டாக்டர்! ஒன்பதுதான் இருக்குன்னு தொண்டை கிழியக் கத்தினேன். கீழ எங்கயாவது விழுந்திருக்கும், பத்துன்னு எழுதுங்கன்னீங்க. நானும் எழுதித் தொலைச்சேன். எட்டாம் நாள் வயிறு வீங்கிச் செத்தா."

"அடக்கம் பண்ணி ஒரு மாசமாச்சு. இப்ப எதுக்கு அது?"

"இப்பவும் பொய் எழுதச் சொல்றீங்களே, அதுக்குத்தான்."

தவோங்கா சுவர்ப் பலகையில் பதினொன்று என்று எழுதினாள். பக்கத்திலேயே ஏனாலாவின் பெயரையும் பெரிதாக எழுதினாள். ஊசி நின்றது.

துணிகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வாளியில் போட்டாள். பத்தும் ஆறிப்போய் விறைத்திருந்தன. பதினொன்றாவது மட்டும், அப்போதுதான் வயிற்றுக்குள்ளிருந்து எடுத்ததுபோல், கையுறைக்குள் இருந்த அவள் கையைச் சுட்டது.