வைத்திய வேஷ்டி

ஒருகாலத்தில் சேஷாத்ரியின் புராஸ்டேட் சுரப்பி தேங்காய் அளவு வீங்கிக் கிடந்தது. மூத்த மகளின் கல்யாணத்தில், தாலி ஏறப்போகிற நேரம் பார்த்து, மடியில் இருந்த பெண்ணை இறக்கிவிட்டுப் பாத்ரூமுக்கு ஓடினார். கடைசியில் மைத்துனர் கிச்சாவின் மடியில்தான் தாலி ஏறியது. கல்யாண ஆல்பம் முழுக்கக் கிச்சாவின் பல்வரிசை!

இன்று இளையவள் வகுளாவுக்கு முகூர்த்தம். கத்தி வைக்காமல், ஆஸ்பத்திரியில் படுக்காமல், ஒரு மாதமாக அவர் டாக்டர் கொடுத்த வைத்திய வேஷ்டியைக் கட்டிவருகிறார். இடுப்பில் சுற்றியதும் அதன் மயில்கண் கரை இளஞ்சூடாக முனகும். உள்ளே வீக்கம் வடியும். தேங்காய் பட்டாணியாகிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம்கூடச் சொல்லிவிட்டார்.

வகுளா அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். கிச்சா பக்கத்திலேயே நின்றார்.

"அத்திம்பேர், முடியலேன்னா கூச்சப்படாம சொல்லிடுங்கோ. என் மடி ரெடி."

"போய்க் காபி குடிடா!"

தாரை வார்க்க மனைவி பூமா செம்பைச் சாய்த்தாள். சளசளவென்று தண்ணீர் விழுந்தது. போனமுறை அவரைக் கவிழ்த்தது இந்தச் சத்தம்தான். மண்டபமே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தது. சேஷாத்ரி ராஜா மாதிரி அசையாமல் இருந்தார்.

கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது.

"அப்பா, ஆயிடுத்து. எழுந்துக்கட்டுமா?"

சேஷாத்ரி மகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சித்த இரும்மா. எனக்கென்ன அவசரம்?"