பொம்மர்க்காரருக்கு ஏழு கோப்பை

மவுண்ட் வெல்லிங்டன் ஊரின் போர் நினைவு மண்டபத்தில் ஆண்டுக்கொரு நாள் ஏழு நாற்காலிகளை வெறுமையாக வைப்பார்கள். 1943இல் குண்டுவீச்சு விமானத்தோடு கடலில் விழுந்து இறந்த ஏழு இளைஞர்களுக்கானவை அவை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் மேசையில் சுடச்சுட ஒரு கோப்பை தேநீரும் இருக்கவேண்டும். இலங்கையிலிருந்து அகதியாக வந்து மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏர்னஸ்ட், 1996இல் வெறுங்கோப்பைகளைத்தான் அடுக்கினார்.

"பொம்மர்க்காரருக்கு நான் தேத்தண்ணி ஊத்தமாட்டன்," என்றார் மனைவி ராசமணியிடம். யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய வீட்டைத் குண்டு போட்டுத் தரைமட்டமாக்கியதும் ஒரு பொம்மர் விமானம்தான்.

ஆட்கள் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது. விமானமொன்று கூரைக்கு மேலே தாழப் பறந்தது. பழக்கதோஷம், ஏர்னஸ்ட் சட்டென்று மேசைக்கு அடியில் புகுந்தார்.

அங்கே ஏற்கெனவே ஏழு இளைஞர்கள் காதைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவன் நெருக்கி உட்கார்ந்து அவருக்கும் இடம் விட்டான். தோளோடு தோள் உரசியது.

சத்தம் ஓய்ந்ததும் ஏர்னஸ்ட் மட்டும் வெளியே வந்தார்.

"என்னப்பா, தோளெல்லாம் ஈரம்?" என்றாள் ராசமணி.

அவர் ஈரத்தைத் தொட்டு நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது.

"தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில வையும்," என்றார். "பெடியள் குளிரில விறைச்சுப்போய் இருக்கிறாங்கள்."